படத்திலிருந்து கழன்று விழுந்த சிரிப்பு

பாட்டுப் புத்தகத்தில் சிரிப்பு இருக்காது. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். அட்டையில் கதாநாயகி, உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், வரிசையாகப் பாட்டுகள், கடைசிப் பக்கத்தில் பல்பொடிக்கோ தைலத்துக்கோ ஒரு விளம்பரம். கதைச் சுருக்கம் சரியாகச் சிக்கல் முற்றும் இடத்தில் வந்து நின்றுகொள்ளும். மீதியை வெள்ளித்திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லும். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் கொட்டகையையே உருட்டிப் புரட்டிய காட்சிக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைக்காது. அவர்கள் பாடிய பாட்டு மட்டும் இருக்கும். அந்தப் பாட்டுக்கு முன்னால் என்ன பேசிக்கொண்டார்கள், எதற்காகச் சண்டை பிடித்தார்கள், பாட்டு முடிந்ததும் யார் யாரை விரட்டினார்கள் என்பதெல்லாம் படம் பார்த்தவர்களோடு போயிற்று.

பழைய நகைச்சுவைப் படச் சமாச்சாரங்களைச் சேர்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வேலையே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கதாநாயகனைச் சேர்ப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தியாகராஜ பாகவதருக்கு அட்டைப்படம் உண்டு, காலண்டர் உண்டு, பத்திரிகைக் கட்டுரை உண்டு. ஹாஸ்ய நடிகருக்குக் கிடைப்பது மூலையில் ஒரு சிறிய முகம். அதைத் தேடித்தான் ஆக்கர் கடை (பழைய சாமானை எடைக்கு வாங்கும் கடைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறோம்.

எனக்கு ஊர் குமரி மாவட்டத்து நெய்யூர். 1838-ல் லண்டன் மிஷன்காரர்கள் தொடங்கிய ஆஸ்பத்திரியால் பெயர் பெற்ற ஊர். எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் கத்தி பிடித்த இடம். நானும் ஆஸ்பத்திரிக்காரன்தான். வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து எடுத்தே ஓய்வு பெற்றேன். கோயில், ஜெபக்கூட்டம், ஞாயிறு பள்ளி என்று இருந்த எங்கள் வீட்டில் சினிமா பாவம். ஆனால் கல்யாண வீட்டு மைக் செட்டுக்கு யார் தடை போடுவது? ‘திருவிளையாடல்’ ஒலிச்சித்திரத் தட்டு தென்னந்தோப்பைத் தாண்டி வந்து எங்கள் திண்ணையில் விழும். தருமியாக நாகேஷ் புலம்புவதை நான் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே மனப்பாடமாகக் கேட்டிருந்தேன். அந்த ஆளுக்கு முகம் எப்படி இருக்கும், எப்படி நிற்பார் என்றெல்லாம் நானே ஒரு படம் ஓட்டிக்கொண்டேன். நகைச்சுவை என்பது படத்தைவிட்டுத் தனியாக வந்து சேரும் ஒன்று என்று என் மனதில் அப்போதே பதிந்துவிட்டது. பிற்பாடு படித்துப் பார்த்தால், தமிழ் சினிமாவில் உண்மையிலேயே அது அப்படித்தான் பிறந்திருக்கிறது.

தனியாகப் பிறந்தது

எங்கள் மாவட்டத்தின் பெரிய சொத்து என்.எஸ்.கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தார். வில்லுப்பாட்டும் நாடகக் கொட்டகையும் அவருக்குப் பள்ளிக்கூடம். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் தேர்ந்தவர். அவர் நடித்த முதல் படம் ‘சதி லீலாவதி’. கதை எஸ்.எஸ்.வாசன், டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். எம்.ஜி.ஆர். அறிமுகமானதும் அதே படத்தில்தான். அது 1936-ல் வெளிவந்தது. ஆனால் அவர் நடித்த ‘மேனகா’ 1935-லேயே திரைக்கு வந்துவிட்டது. அதனால் கிருஷ்ணனின் முதல் படம் எது என்ற பேச்சை எடுத்தால், சேகரிப்பாளர்கள் இருவர் கூடும் இடத்தில் இரண்டு காபி காலியாகும்.

‘சதி லீலாவதி’யில் தன் பகுதியைக் கிருஷ்ணனே எழுதிக்கொண்டார். போகப்போக அதுவே வழக்கமாயிற்று. அவருக்கென்று ஒரு குழு, எழுத ஆள், கூட நடிக்க ஆள். படத்தின் கதை ஒரு பக்கம் ஓடும். இவர்கள் தங்கள் பகுதியைத் தனியாக எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கோத்துவிடுவார்கள். 1936-ல் ‘வசந்தசேனா’வில் மதுரத்தோடு ஜோடி சேர்ந்த பிறகு, இந்த இருவர் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே படத்தை வாங்கிய விநியோகஸ்தர்கள் உண்டு.

1939-ல் வந்த ‘சிரிக்காதே’ இன்னும் வெளிப்படை. அது ஒரே கதை கொண்ட படம் அல்ல. ‘அடங்காப்பிடாரி’ போன்ற சிறு சிறு ஹாஸ்யப் படங்களை ஒன்றாகத் தொடுத்து ஒரு டிக்கெட்டுக்குக் காட்டினார்கள். அந்தத் தொடுப்பைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டினாலும் யாருக்கும் கதை குழம்பாது.

‘சந்திரலேகா’ எல்லாருக்கும் தெரிந்த படம். வாசன் வருஷக்கணக்கில் எடுத்து 1948-ல் வெளியிட்டார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் பாகவதரோடு கைதான கிருஷ்ணன், பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல்தான் விடுதலையானார். அவர் வெளியே வந்ததும், பாதி வளர்ந்திருந்த ‘சந்திரலேகா’வுக்குள் அவருக்கும் மதுரத்துக்கும் சர்க்கஸ் கூட்டத்தில் வாசன் இடம் போட்டார். அதே படத்தை இந்திக்குக் கொண்டுபோனபோது அந்த வேடங்களை வேறு ஆட்கள் செய்தார்கள். அந்தப் படத்தின் முரசு நடனத்தில் ஒரு முரசை நகர்த்த முடியாது. நகைச்சுவைப் பகுதியை முழுசாக எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியும்.

வைக்க முடிந்ததை வெட்டவும் முடியும். இரண்டாம் உலகப் போரின்போது பிலிம் பஞ்சம் வந்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 11,000 அடி என்றால் சுமார் இரண்டு மணி நேரம். அதுவரை மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாடிக்கொண்டிருந்த தமிழ்ப் படம் எதைக் குறைக்கும்? பாட்டைத் தொட்டால் ஜனங்கள் அடிக்க வருவார்கள். கதையைத் தொட்டால் முடிவு புரியாது. பிற்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய பிரிண்டுகளிலும் நகைச்சுவைக்கு இதே கதிதான். ராத்திரி ஆட்டம் முடிந்து கடைசி பஸ் பிடிக்க வேண்டும் என்றால் ஆபரேட்டரின் கத்தரி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ராஜா பேசாத விஷயங்கள்

இந்தக் காட்சிகளில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு அலைகிறீர்கள் என்று என் மருமகன் கேட்பார். இன்று பார்த்தால் எல்லாமே சிரிப்பு வராது என்பது உண்மை. சில இடங்களில் நெளியத் தோன்றும். பெண்டாட்டியை அடிப்பதும் ஒருவர் உடம்பைக் கேலி செய்வதும் அந்தக் காலத்தில் தாராளமாக ஓடியிருக்கின்றன. சிரிப்பு வற்றிய பிறகும் வற்றாத ஒன்று இருக்கிறது.

முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்த தமிழ்ப் படங்களில் கணிசமானவை புராணம், ராஜா ராணி, பக்தர் கதை. அந்தக் கதாநாயகன் அரிசி விலை பேச மாட்டான். ரயிலுக்கு ஓட மாட்டான். குடித்துவிட்டு வந்து வீட்டுக் கதவைத் தட்ட மாட்டான். அதையெல்லாம் செய்தவர்கள் நகைச்சுவை நடிகர்கள். 1940-ல் வந்த ‘சகுந்தலை’யில் எம்.எஸ்.சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி.என்.பாலசுப்ரமணியம் துஷ்யந்தன். காளிதாசன் நாடகம், கர்நாடக சங்கீதம். அதற்கு நடுவே கிருஷ்ணனும் டி.எஸ்.துரைராஜும் மீனவர்களாக வந்து மோதிக்கொள்கிறார்கள். ஆசிரமத்தில் யாரும் நம் தெருவைப்போலப் பேசுவதில்லை. இவர்கள் இருவர் பேசுகிறார்கள். எண்பது வருஷத்துக்கு முந்திய சாதாரண ஜனங்களின் பேச்சு, நடை, உடுத்தும் விதம், கோபிக்கும் விதம் எல்லாம் படத்தின் இந்த ஓரத்தில்தான் பதிவாகியிருக்கின்றன.

‘நல்லதம்பி’ 1949-ல் வந்தது. ஃப்ராங்க் காப்ராவின் அமெரிக்கப் படமொன்றைத் தழுவி அண்ணாதுரை எழுதினார், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். அதில் வரும் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தை, உடுமலை நாராயண கவியின் பாட்டுகளோடு, என்.எஸ்.கிருஷ்ணன் நடத்துகிறார். நந்தனார் சரித்திரம் பாடுவதுபோலவே மேடை, தாளம், ஜால்ரா. ஆனால் நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டால், கிந்தன் பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறான். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் அடி வாங்கி, ஊரைவிட்டு ஓடி, படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். காலட்சேபம் கேட்டுப் பழகிய ஜனம் சிரித்துக்கொண்டே கேட்டது. இதைப் பிரசங்கமாகச் செய்திருந்தால் எழுந்து வெற்றிலை போடப் போயிருப்பார்கள். நாஞ்சில் நாட்டில் கோயில் நுழைவுக்கும் பள்ளிக்கூட நுழைவுக்கும் எவ்வளவு சண்டை நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு, இந்தப் பகுதி எங்கிருந்து பிறந்தது என்பதும் தெரியும்.

அது இசைத்தட்டாகவும் வந்தது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் கொள்ளும். ஆகவே காலட்சேபத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல பக்கங்களில் பதித்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றித் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். கிந்தன் அதுவரை காத்துக்கொண்டிருப்பான்.

வெள்ளிக்காகப் போனவை

படமே இருந்துவிட்டால் இந்த அலைச்சல் எதற்கு? இல்லை என்பதுதான் விஷயம். ஏன் இல்லை என்பது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது; கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

எக்ஸ்ரே பிலிமில் கறுப்பாகத் தெரிவது சாயம் அல்ல, பொடியாக உதிர்ந்த வெள்ளி. பழைய எக்ஸ்ரேக்களை எடைக்கு வாங்க ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்கள் வருவார்கள். பிலிமை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் வெள்ளி தனியாக வந்துவிடும். கறுப்பு வெள்ளை சினிமா பிலிமும் இதே சாதி. ஒரு முழுப் படத்தின் பிரிண்ட் என்பது பல மைல் நீளத்துக்கு வெள்ளி பூசிய நாடா. படத்தின் ஓட்டம் முடிந்து, விநியோக உரிமைக் காலமும் தீர்ந்த பிறகு பெட்டிகளைப் பார்க்கும் முதலாளிக்குக் கலை தெரியாது, எடை தெரியும். வெள்ளியை எடுத்த பிறகு மிஞ்சும் செல்லுலாய்டு வளையல் செய்யப் போயிற்று. நம் பாட்டிமார் கையில் குலுங்கிய வளையலில் யார் யார் நடித்திருந்தார்களோ.

அடுத்தது தீ. ஆரம்பகால பிலிமெல்லாம் நைட்ரேட். வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு. பற்றிக்கொண்டால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. 1929-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரி ஒன்றில் அடுக்கிவைத்திருந்த நைட்ரேட் எக்ஸ்ரே பிலிம் பற்றி, நச்சுப்புகையில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் படிப்பில் இது ஒரு பாடம். அதன் பிறகு எக்ஸ்ரேக்குப் பாதுகாப்பு பிலிம் வழக்கமாயிற்று. சினிமாவோ 1950 வாக்கில்தான் நைட்ரேட்டைக் கைவிட்டது. பிறகு வந்த அசிடேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் ஈரத்திலும் சூட்டிலும் கிடந்தால் தானாகவே நொந்து, காடி வாடை அடித்து, சுருங்கி வளைந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாடையே போதும், படம் போய்விட்டது என்று தெரிந்துகொள்ள.

ஆக, தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இல்லை. தமிழ் பேசிய முதல் படம், 1931-ல் வந்த ‘காளிதாஸ்’, இல்லை. இந்தியாவில் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் மௌனப்படங்களில் சில டஜன்தான் எஞ்சியிருக்கின்றன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல் தொடங்கி, பி.கே.நாயர் ஊர் ஊராக அலைந்து பெட்டிகளைப் பொறுக்கத் தொடங்குவதற்குள் பெரும்பகுதி வெள்ளியாகவும் வளையலாகவும் மாறியிருந்தது.

இதில் எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கதைகள் உண்டு. மலையாள சினிமாவின் தந்தை என்று சொல்லப்படும் ஜே.சி.டேனியல், கடைசிக் காலத்தைக் கன்னியாகுமரி பக்கம் அகஸ்தீஸ்வரத்தில் கழித்தவர். சொத்தை விற்று எடுத்த ‘விகதகுமாரன்’ பிலிமை, விவரம் தெரியாத வயதில் அவருடைய மகனே கொளுத்தி விளையாடித் தீர்த்துவிட்டான். அடுத்தவர் நாகர்கோவில் ஆர்.சுந்தர்ராஜ். சி.வி.ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 1933-ல் ‘மார்த்தாண்டவர்மா’ எடுத்தார். நாவலின் உரிமை எங்களுடையது என்று திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் வழக்குப் போட்டது. படம் முடங்கிற்று, பிலிம் பெட்டி நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. நாற்பது வருஷம் கழித்துக் காப்பகத்தார் 1974-ல் அதை மீட்டபோது, தென்னிந்திய மௌனப்படங்களில் முழுசாகத் தப்பியது அது ஒன்றுதான் என்று தெரிந்தது. நன்றாக ஓடிய படமெல்லாம் தேய்ந்து அழிய, வழக்கில் முடங்கிய படம் பிழைத்தது.

துருக்கிக்காரர் பாடும் நம் பாடும்

சேகரிப்பில் ஆசை வைத்தவர்கள் உலகம் முழுக்க ஒரே கூட்டம். ஜெர்மனியில் நர்ஸ் வேலை பார்க்கும் என் தங்கை மகள், அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் துருக்கி மொழி வீடியோ கேசட்டுகளைப் பெட்டியோடு விற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். “மாமா, இந்த மூஞ்சியப் பாத்தா நம்ம நாகேஷ் நெனப்பு வருது” என்றாள். அட்டையில் நீண்ட முகத்தோடு ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கெமால் சுனால். துருக்கியில் அவர் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் சிரிப்பார்களாம்.

இஸ்தான்புல்லில் யெஷில்சாம் என்றொரு தெரு. நமக்குக் கோடம்பாக்கம் மாதிரி அவர்களுக்கு அது. அங்கே எர்டெம் எய்ல்மெஸ் இயக்கி 1975-ல் வந்தது ‘ஹபாபம் சினிஃபி’. படிக்காத மாணவர் பட்டாளம் ஒன்று தனியார் பள்ளியில் அடிக்கும் லூட்டி. சுனால் அதில் அப்பாவி மாணவனாக வந்து நாட்டையே பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னால் சாத்ரி அலிஷிக் என்பவர் ‘டூரிஸ்ட் ஓமர்’ என்ற சோம்பேறி நாடோடி வேடத்தில் வரிசையாகப் படங்கள் செய்தார். 1973-ல் வந்த கடைசிப் படத்தில் ஓமரை விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘ஸ்டார் ட்ரெக்’ கதையை யாரிடமும் கேட்காமல் எடுத்து, நடுவே இவரைக் கொண்டுபோய் நிறுத்திக் கோட்டைவிட வைத்தார்கள். அமெரிக்கர்கள் தங்கள் கதையைத் தாங்களே சினிமாவாக எடுக்க 1979 ஆயிற்று. அதனாலேயே இந்தப் படத்தின் போஸ்டருக்கும் பிரிண்டுக்கும் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் அடிதடி.

அங்கேயும் வெள்ளிக்காகப் படங்களைக் கரைத்திருக்கிறார்கள். 1959-ல் இஸ்தான்புல் படக் கிடங்கு எரிந்து ஆரம்பகாலப் படங்கள் போயின. மிச்சத்தில் ஒரு பகுதியைக் காப்பாற்றியது ஜெர்மனி. 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான துருக்கியர் அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். எண்பதுகளில் அவர்கள் ஊர் ஏக்கத்துக்குத் தீனியாக யெஷில்சாம் படங்களை வீடியோ கேசட்டில் போட்டு விற்றார்கள். சொந்த நாட்டில் பிரிண்ட் அழிந்த படங்கள் அந்தக் கேசட்டுகளில் உயிரோடு இருக்கின்றன. நம் கதையும் இப்படித்தான். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போன கேசட்டுகளில் எதெது தப்பியிருக்கிறது என்று யாரும் இன்னும் கணக்கெடுக்கவில்லை. குமரி மாவட்டத்தில் பரண் உள்ள வீடெல்லாம் வளைகுடாக்காரர் வீடுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு. துருக்கிச் சேகரிப்பாளருக்கு முழுப் படமும் நகைச்சுவை. சுனால்தான் கதாநாயகன், சுவரொட்டி முழுக்க அவர்தான். நம்மிடம் முழு நீள ஹாஸ்யப் படங்கள் இல்லாமலில்லை. பம்மல் சம்பந்த முதலியார் நாடகத்தை ஏவி.எம். எடுத்த ‘சபாபதி’ (1941), ‘அடுத்த வீட்டுப் பெண்’ (1960), ‘காதலிக்க நேரமில்லை’ (1964) என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனாலும் நம் சிரிப்பில் பெரும்பங்கு இன்னொருவர் படத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. ‘அறிவாளி’ என்ற சிவாஜி படத்தின் கதையைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். அதில் பூரி சுடத் தெரியாத மனைவிக்குத் தங்கவேலு பாடம் எடுக்கும் காட்சியைக் கேட்டால் நடித்தே காட்டுவார்கள்.

எதைப் பார்த்து வாங்குவது

திங்கள்சந்தையிலும் நாகர்கோவிலிலும் எனக்குத் தெரிந்த ஆக்கர் கடைக்காரர்கள் உண்டு. “சாரே, பழைய பொஸ்தகம் கொஞ்சம் கெடக்கு. வந்து பாத்துட்டு எடுங்க. இல்லன்னா நாளைக்கு லாரி வருது” என்று போன் வரும். போனால், “இத எடைக்குத் தர முடியாது. படம் போட்டிருக்கு பாத்தியளா, அதுக்குத் தனி ரேட்டு” என்பார்கள். அந்தத் தனி ரேட்டை உண்டாக்கியவர்கள் நாங்கள்தான். புலம்பி என்ன பயன்.

முதலில் பார்க்க வேண்டியது எந்தப் படம் என்பதல்ல, எந்த வருஷத்துப் படம் என்பது. ‘அம்பிகாபதி’ இரண்டு உண்டு. 1937-ல் பாகவதர் நடித்தது. 1957-ல் சிவாஜி நடித்தது. இரண்டிலும் கிருஷ்ணன், மதுரம். இரண்டாவது வெளிவந்தது, அந்த வருஷம் ஆகஸ்ட் 30 அன்று கிருஷ்ணன் மறைந்த பிறகு வந்த தீபாவளிக்கு. அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தால், நடிகர் பட்டியலை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அச்சகத்தின் பெயரையும் எழுத்தையும் விளம்பரத்தையும் பார்க்க வேண்டும். ‘உத்தமபுத்திர’னும் இரண்டு. 1940-ல் பி.யு.சின்னப்பா, 1958-ல் சிவாஜி.

விலை அச்சிட்ட பகுதியையும் விடாதீர்கள். எங்கள் பக்கம் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாடு அல்ல. திருவிதாங்கூர் நாணயம் சக்கரம். ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடி. புத்தகத்தில் அணாக் கணக்கில் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் பென்சிலால் யாரோ சக்கரத்தில் எழுதியிருப்பார்கள். அந்தப் பென்சில் கோடு இருந்தால் என் கண்ணில் அதற்கு மதிப்பு இரட்டிப்பு. கிருஷ்ணனின் படம் அவருடைய சொந்த ஊருக்கு எல்லை தாண்டி வந்து சேர்ந்ததற்கு அது ரசீது.

நோட்டீசு, கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டும் ஸ்டில், இசைத்தட்டு எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். ஸ்டில்லின் முன்பக்கத்தைப் பார்ப்பதற்குள் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ரப்பர் முத்திரை, ஸ்டுடியோ பெயர், எண் இருந்தால் நல்ல பிழைப்பு. ஹாஸ்யக் காட்சி ஸ்டில்கள் அநாதைகளாகவே வரும். மதுரம் துடைப்பத்தோடு நிற்பார். எந்தப் படம் என்று சொல்ல ஆளிருக்காது. அப்போது புடவைக் கரையை, பின்னால் உள்ள செட்டை, கூட நிற்கும் துணை நடிகரை வைத்து ஆண்டைக் குறுக்கிக் குறுக்கிக் கொண்டுவர வேண்டும். எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்து எலும்பைச் சொல்லிப் பழகியவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறென்ன?

இதில் கைகொடுப்பவர்கள் வயதானவர்கள். இரணியல் பக்கம் ஒரு பாட்டி, “எங்கப்பாக்குத் தெரியாம சித்திகூடப் போனேன் மக்கா. மதுரம் வந்து நிண்ணாலே கொட்டகை சிரிக்கும், வாயத் தொறக்கவே வேண்டாம்” என்றார். எந்தக் காட்சிக்குப் பிறகு இடைவேளை விட்டார்கள், எந்த இடத்தில் ரீல் அறுந்தது என்பதுவரை அவருக்கு ஞாபகம். பாட்டுப் புத்தகம் விட்டுவைத்த இடத்தை நிரப்ப இப்படிப்பட்ட வாய்மொழிதான் இருக்கிறது. போனில் பதிவு செய்துகொள்கிறேன். கூடவே அவர்களின் வயது, ஊர், பார்த்த கொட்டகை இருந்த இடம்.

காப்பாற்றுவது

இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள ஊரில் காகிதம் வைத்துக்கொள்வது தினசரிச் சண்டை. மலிவுத் தாள் தானாகவே பழுத்து ஒடியும். தைத்த கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் கட்ட வேண்டும். செல்லோ டேப் ஒட்டவே கூடாது. அதன் பசை பழுப்பாக இறங்கி எழுத்தை மறைக்கும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வசம்பு போட்டு, தரையில் படாமல் மர அலமாரியில் வைப்பேன். இராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒருமுறை வெளிச்சம் காட்டுவேன். அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது விரிசல் விடும்.

தனி ஆள் சேர்த்தது தனி ஆளோடு போய்விடாமல் இருக்க என்ன வழி? தமிழ்நாட்டில் இரண்டு நல்ல முன்மாதிரிகள். பிலிம் நியூஸ் ஆனந்தன் தன் ஆயுசு முழுக்கச் சேர்த்த படங்களையும் தகவல்களையும் தமிழக அரசு வாங்கிக்கொண்டது. காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகக் குவியலைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. அந்தக் குவியலில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. இருவரும் பொருளைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. எது என்ன, எப்போதையது என்று எழுதி வைத்தார்கள். பட்டியல் இல்லாத சேகரிப்பு ஆள் போன மறுவாரமே எடைக்குப் போகும்.

நகைச்சுவைக்கு இந்த எழுத்து வேலை இன்னும் அவசியம். இன்று கிருஷ்ணன் காட்சியும் துரைராஜ் காட்சியும் இரண்டு நிமிடத் துண்டாகக் கைப்பேசியில் சுற்றுகின்றன. எந்தப் படம், எந்த ஆண்டு, கூட நடிப்பது யார் என்ற எதுவும் அதில் இருப்பதில்லை. தனியாகப் பிறந்ததால் வெட்டுக்கு ஆளானது. தனியாகப் பிறந்ததால் தப்பியும் வந்தது. ஆனால் வரும் வழியில் பேரையும் ஊரையும் தொலைத்துவிட்டது. சேகரிப்பாளன் திருப்பித் தரக்கூடியது அந்தப் பேரையும் ஊரையும்தான்.

ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகமோ தட்டோ கேசட்டோ கிடந்தால், விற்பதானாலும் விற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். எல்லாப் பக்கத்தையும், விளம்பரப் பக்கம் உட்பட, போனில் படமெடுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். புத்தகத்தின் மேலேயே பேனாவால் எழுத வேண்டாம். வீட்டில் எண்பது தாண்டியவர் இருந்தால் அந்தப் படத்தின் ஹாஸ்யக் காட்சியைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கதையைக் கேட்காதீர்கள், அது புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கே சிரித்தீர்கள் என்று கேளுங்கள்.